நீலப்பூவுக்கு ஆசைப்பட்டவன்

வளர்த்த செடி பட்டுப்போனால் நான் முதலில் மண்ணைத் திட்டுவேன். பிறகு தண்ணீரை. அதற்கும் பிறகு செடி விற்றவரை. என் கையைத் திட்டியதாக ஞாபகமே இல்லை. சங்கரன்கோவிலில் பிறந்து, இங்கேயே விசைத்தறிக் கூடங்களுக்குக் கணக்கு எழுதித் தலை நரைத்த ஒருவன் தன் ஊர் மண்ணைக் குறை சொன்னால் யாரும் மறுத்துப் பேசப்போவதில்லை. வெயில், உப்புத் தண்ணி, கரிசல் என்று காரணங்களுக்கு இங்கே பஞ்சமே கிடையாது. அந்த வசதியில்தான் இத்தனை காலம் ஒளிந்துகொண்டிருந்தேன்.

எனக்கு நீலப்பூ மேல் ஒரு கிறுக்கு. அதிலும் உயரமாக வளர்கிற செடி வேண்டாம். தரையோடு படர வேண்டும், ஒரு தடவை ஊன்றினால் வருஷக்கணக்கில் நின்று பூக்க வேண்டும். சங்குப்பூ எங்கள் தெருவிலேயே வேலிக்கு வேலி ஏறிக் கிடக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. காலடியில் நீலமாக ஒன்று கிடக்க வேண்டும், குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பூ மார்க்கெட்டைத்தான் காட்ட வேண்டும். எங்கள் ஊர்ப் பூ மார்க்கெட் தெக்கத்திச் சீமையில் பேர்பெற்றது. சுற்றுப்பட்டி மல்லி, பிச்சி எல்லாம் விடியக்காலையில் இங்கே வந்து இறங்கும். முகூர்த்த நாளில் மல்லி விலை கிலோ ஆயிரங்களில் ஏறும், மறுநாளே சரியும்; ஊரில் பாதிப் பேருடைய முகம் அந்த விலையைப் பொறுத்து மலர்வதும் வாடுவதும். வெள்ளை, கனகாம்பர ஆரஞ்சு, கேந்தி மஞ்சள், அரளிச் சிவப்பு என்று எல்லா நிறத்துக்கும் அங்கே தராசு உண்டு. நீலத்துக்கு மட்டும் இல்லை. மார்கழியில் டிசம்பர் பூ வருமே என்பீர்கள். அது ஊதா. சாயம் போட்ட நூலை வெயிலில் பிடித்துப் பார்த்துப் பார்த்துக் கண் பழகினவன் நான். ஊதாவை நீலம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நீலம் செடிகளுக்கே சிரமமான நிறம் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். மார்னிங் குளோரி என்ற நீலக்கொடியில் ஜப்பான்காரர்கள் 1995-ல் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். மொட்டாக இருக்கும்போது அந்த இதழ் செவ்வூதா. விரியும் நேரத்தில் இதழின் செல்லுக்குள் இருக்கிற சாற்றின் பி.எச். 6.6-லிருந்து 7.7-க்கு ஏறுகிறது. அமிலம் போய் லேசான காரம் வந்ததும், அதே நிறமி நீலமாகத் தெரிகிறது. அதே நாட்டில் ஒரு பெரிய மதுபானக் கம்பெனி நீல ரோஜாவுக்கு ஆசைப்பட்டு 1990-ல் ஆராய்ச்சியில் இறங்கி, 2004-ல்தான் ‘வந்துவிட்டது’ என்று அறிவித்தது. படத்தில் பார்த்தேன். அதுவும் ஊதாதான். பணமும் படிப்பும் உள்ளவர்களுக்கே அந்தக் கதி என்று நினைத்தபோது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலும் ஒரு சாக்குதான்.

முதல் பழியைக் கொடைக்கானல்காரர்கள் மேல் போட்டேன். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ரோட்டோரம் சின்னச் சின்னப் பையில் லொபீலியா விற்றார்கள். ஒரு சாண் உயரம்கூட இல்லை. பை நிறைய நீலம். விற்ற அம்மா கேட்டார், “எந்த ஊருக்குக் கொண்டுபோறீங்க?” சங்கரன்கோவில் என்றேன். “அங்க வராதுங்க” என்று நேராகவே சொன்னார். வியாபாரம் போனாலும் பரவாயில்லை என்று உண்மையைச் சொன்ன அந்த அம்மாவிடம் ஏதாவது மலையூர் என்று பொய் சொல்லியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது. வாங்கினேன். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம், எங்கள் ஊர் 150 மீட்டர் வந்தால் அதிகம். தென்னாப்பிரிக்காவில் பிறந்த அந்தச் செடிக்கு வெயில் ஆகும், வெக்கை ஆகாது. ராத்திரியிலாவது குளிர வேண்டும். எங்கள் ராத்திரி சித்திரையில் எப்படி இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். செடி பொசுங்கியதும், “மலைக்காரங்க ஏமாத்திட்டாங்க” என்று வீட்டில் சொன்னேன்.

அடுத்து ப்ளூ டேஸ். நர்சரிக்காரர்கள் சிலர் எவால்வுலஸ் என்பார்கள். பிரேசில், பராகுவே பக்கத்துச் செடி. தரையை ஒட்டிப் படரும். சாம்பல் பூத்த பச்சை இலை. விரலால் தடவினால் பூனை ரோமம் போல மெத்தென்று இருக்கும். ஈரம் ஆவியாகிப் போகாமல் அந்த ரோமம் காக்கிறது. பூ ஒரு ரூபாய்க் காசு அகலம், நடுவில் வெள்ளைப் பொட்டு, சுற்றிலும் கலப்பில்லாத நீலம். இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். வெயில் தாங்கும், வறட்சி தாங்கும், பல வருஷம் நிற்கும். எங்கள் ஊருக்கென்றே அளவெடுத்தது போன்ற செடி.

அதையும் கொன்றேன். திரும்பத் திரும்ப வாங்கி, திரும்பத் திரும்பக் கொன்றேன்.

எப்படிக் கொன்றேன் என்பதைச் சொல்கிறேன். அந்தப் பூ காலையில் விரியும், மத்தியானம் தாண்டினால் சுருண்டுகொள்ளும். அது அதன் வழக்கம். மழை மூட்டமான நாளில் சரியாக விரியாமலே போய்விடும். நானோ சுருண்ட பூவைப் பார்த்ததும் தாகம் என்று முடிவுகட்டினேன். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் காலையில் புதுப்பூ விரிந்தது. நான் ஊற்றிய தண்ணீரால்தான் விரிந்தது என்று நினைத்துச் சாயங்காலமும் ஊற்ற ஆரம்பித்தேன். தொட்டியில் இருந்ததோ வீட்டுக்குப் பின்னால் வெட்டி எடுத்த கரிசல் மண். கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பருத்தியும் உளுந்தும் அதில் வேர்விட்டு நிற்பது நிலம் ஆழமாகக் கிடக்கிறபோது. ஒரு தொட்டிக்குள் அடைத்துத் தினமும் நனைத்தால் அது சேறு. வேருக்கு மூச்சுவிட இடமிருக்காது, பூஞ்சணம் பிடிக்கும், வேர் கறுத்து அழுகும். அழுகின வேரால் தண்ணீர் இழுக்க முடியாது என்பதால் இலை வாடும். வாடினதைப் பார்த்து நான் இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன்.

செத்த செடியைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் முதல் தடவையே தெரிந்திருக்கும். பிடுங்கவில்லை. தொட்டியோடு கொல்லைப்புறம் நகர்த்திவிட்டு, நர்சரிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். நோய்ச்செடி கொடுத்துவிட்டீர்கள் என்று நாலு பேர் காதில் விழும்படி சொன்னேன். அந்த மனிதர் மறுபேச்சுப் பேசாமல் அடுத்த செடியை விலை குறைத்துக் கொடுத்தார். குறைத்ததை வைத்தே, குற்றம் அவருடையதுதான் என்று தீர்மானித்துக்கொண்டேன்.

கொல்லைப்புறத்தில் கிடந்த தொட்டி ஒன்றில் நுனி மட்டும் பச்சையாக இருந்திருக்கிறது. வீட்டில் மனைவி அதைப் பார்த்துவிட்டாள். பூ இல்லாத நுனிகளாகப் பார்த்து விரல் நீளத்துக்கு ஒடித்து, கீழ் இலைகளை உருவிவிட்டு, பழைய பெயின்ட் டப்பா ஒன்றின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மாடிக் கட்டுமானத்தில் மிஞ்சிய மணலையும் செம்மண்ணையும் நிரப்பி ஊன்றியிருக்கிறாள். வேர் பிடிக்கிறவரை துணி துவைக்கிற கல்லின் நிழலில் இருந்தது. பிறகு மாடிக் கைப்பிடிச்சுவரில் ஏற்றிவிட்டாள். துளசிக்கு ஊற்றும்போது ஞாபகம் வந்தால் அதற்கும் ஒரு கை. ஞாபகம் வராத நாளே அதிகம். உரம் என்று தனியாக ஒன்றும் போடவில்லை. சாணியை வாரிப் போட்டால் இலைதான் கொழுக்கும், பூ வராது என்பது அவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அடிக்கடி நுனியைக் கிள்ளிவிட்டாள்; கிள்ளக் கிள்ளக் கிளைத்து, டப்பாவின் விளிம்பைத் தாண்டிச் சுவரோரம் தொங்கியது. நாள் முழுக்க மொட்டை வெயில். காலை எட்டு மணிக்கு மாடிக்குப் போனால் கண் கூசுகிற நீலம்.

தறிக்கூட முதலாளி ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் மாடியில் அதைப் பார்த்து அசந்துபோனார். “இது நம்ம ஊர்ல வருமா?” என்றார். “பக்குவம் தெரிஞ்சா வரும்ணே” என்றேன் நான். வீட்டில் காப்பித் தம்ளரோடு பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். மணல் எவ்வளவு, செம்மண் எவ்வளவு, மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், ஆறு மணி நேரமாவது வெயில் என்று அவள் செய்ததையெல்லாம் என் பக்குவமாக அவருக்கு விளக்கினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போனதும், “நுனி கிள்ளணும்ங்கறத விட்டுட்டீங்க” என்று மட்டும் சொன்னாள்.

இதுவரை சொன்னதில் செத்தது என் காசுக்கு வாங்கிய செடி, போனது என் மானம். சிரித்துவிட்டு விட்டுவிடலாம். மற்றது அப்படியல்ல.

புளியங்குடி சாலையில் ஊரைத் தாண்டினால் மண் நிறம் மாறும். கரிசல் போய்ச் செவல் வரும். அந்தப் பக்கம் ஒரு குளம், பேர் வேண்டாம். சரளை கலந்த செம்மண் போட்டு உயர்த்திய கரை. கணக்கு வேலை முடிந்து காலாற நடக்க அங்கே போவது வழக்கம். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை நேரம், கரையின் வெளிச்சரிவில் அந்த நீலத்தைப் பார்த்தேன். விஷ்ணுகிராந்தி.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது செடி என்றே தெரியும். நடுவில் ஒரு தூர், அதிலிருந்து நாலாபக்கமும் நூல் கனத்தில் தண்டுகள், தரையை விட்டு எழும்பாமல். இலை சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், மேலெல்லாம் பட்டு ரோமம். பூ ப்ளூ டேஸ் பூவில் பாதிகூட இல்லை. ஒரு சென்டிமீட்டருக்கும் உள்ளே. ஒவ்வொரு இலைக்கணுவிலும் ஒன்று. தனித்தனியாகப் பார்த்தால் பொடிப்பொடிப் பூ. சரிவு முழுக்கப் படர்ந்து கிடந்ததைப் பார்த்தபோது நான் காசு கொடுத்துத் தேடியதெல்லாம் இதுதான் என்று புரிந்தது. இரண்டும் ஒரே பேரினம், எவால்வுலஸ். அந்தப் பேரினத்தில் நூறு வகை போல உண்டு, பெரும்பாலும் அமெரிக்கக் கண்டங்களில். இந்த வகையோ ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று வெப்பமான நாடு எங்கும் கிடக்கிறது. 1762-ல் லின்னேயஸ் எவால்வுலஸ் ஆல்சினாய்டஸ் என்று எழுதிவைத்தார். சர்க்கரைவள்ளிக்கும் மார்னிங் குளோரிக்கும் சொந்தம்தான், ஆனால் அவற்றைப் போல எதையும் பற்றி ஏறாது. கோடையில் மேலே காய்ந்து சருகாகி, செத்துவிட்டது போலக் கிடக்கும். வேர்த்தண்டு உயிரோடு இருக்கும். மழை விழுந்தால் மறுபடி தளிர்க்கும்.

அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். தினமும் நடக்கிற கரை, தினமும் பார்க்கலாம். எனக்கு அது போதவில்லை. என் வீட்டு வாசலில், என் தொட்டியில் இருக்க வேண்டும்.

சாக்குச் சொல்வதில் தேர்ந்தவன் அல்லவா, கோயிலையே சாக்காக்கினேன். சிவனும் விஷ்ணுவும் ஓருருவாகச் சங்கரநாராயணராக நிற்கிற ஊர். அந்தக் காட்சிக்காகக் கோமதியம்மன் தவம் இருந்ததாகச் சொல்லித்தான் ஆடித்தபசு நடக்கிறது. விஷ்ணு பேரைத் தாங்கின பூ இந்த ஊர் வீட்டு வாசலில் இருக்க வேண்டாமா? மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் இதைத் தசபுஷ்பத்தில் ஒன்றாக வைத்துக் கொண்டாடுகிறார்களே? ஆடு மிதிக்கிற இடத்திலிருந்து எடுத்துக் காப்பாற்றுவதில் என்ன தப்பு? வாதம் கோர்வையாக இருந்தது. ஆனாலும் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் களைக்கொத்தியும் சாக்குப்பையும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் தூரிலேயே தெரிந்துவிட்டது. மேலே படர்ந்தது ஒரு சாண்தான். கீழே கட்டை போன்ற வேர் சரளைக் கற்களுக்கு நடுவே இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது. களைக்கொத்தி எட்டின மட்டும் தோண்டினேன். இழுத்தபோது சடக்கென்று முறிந்தது. கையில் வந்ததில் தண்ணீர் உறிஞ்சுகிற சல்லிவேர் ஒன்றிரண்டுகூட இல்லை. இது பிழைக்காது என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். இத்தனை செடியைக் கொன்றவனுக்கு அதுகூடத் தெரியாமல் இருக்குமா? நிறுத்தவில்லை. அடுத்ததாவது முழுசாக வரும் என்று அடுத்ததைத் தோண்டினேன். அதற்கும் அடுத்ததை. செழிப்பாக இருந்த தூராகப் பார்த்துப் பார்த்துத் தோண்டினேன். பை நிறைந்த பிறகுதான் நிமிர்ந்தேன்.

எல்லாம் செத்தன. செம்மண்ணில் வைத்தும், நிழலில் வைத்தும், அளவாக ஊற்றியும் செத்தன. இந்தத் தடவை பழியை என் தொட்டி மண் மேல் போட்டேன். கரை மண்ணையும் சேர்த்து அள்ளிவர வேண்டும் என்று கண்டுபிடித்து, மறுபடியும் போனேன். மிச்சம் மீதி இருந்ததையும் அப்படித்தான் கொண்டுவந்தேன். சரிவில் அங்கங்கே குழி, காய்ந்த சரளை.

அந்தக் கரைக்கு ஓர் ஆச்சி வருவாள். தூதுவளை, கீழாநெல்லி, குப்பைமேனி என்று பருவத்துக்கு ஏற்றதைப் பறித்து நாட்டு மருந்துக் கடையில் போடுகிறவள். காய்ச்சலுக்கு விஷ்ணுகிராந்திக் கஷாயம் வைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். கடைக்காரர்கள் வேரோடு முழுச்செடியாகத்தான் கேட்பார்கள். வடக்கே சங்குபுஷ்பி என்று ஞாபகசக்திக்குக் கொடுக்கிற மருந்திலும் இதைச் சேர்ப்பவர்கள் உண்டு. எது அசல் சங்குபுஷ்பி என்பதில் வைத்தியர்களுக்குள் நெடுங்காலச் சண்டை. ஆக, கேட்க ஆள் இருந்தது. ஆனால் அவள் எடுப்பதை முன்பே பார்த்திருக்கிறேன். கூட்டமாக இருக்கிற இடத்தில் ஒன்றை எடுத்தால் சுற்றி நாலை விட்டுவிடுவாள். காயைத் திருகிப் பார்ப்பாள். விதை முற்றி உதிர்ந்திருந்தால்தான் கை வைப்பாள். அதன் காய் மிளகை விடச் சின்னது, உள்ளே அதிகம் போனால் நாலு விதை. அந்த விதையை நம்பித்தான் அடுத்த வருஷத்து வருமானம் என்று அவளுக்குத் தெரியும். நான் அதைப் பார்த்து, கிழவி எவ்வளவு மெதுவாக வேலை செய்கிறாள் என்று நினைத்தவன்.

நான் தோண்டி முடித்த பிறகு ஒருநாள் அவள் அந்தச் சரிவில் நின்றுகொண்டிருந்தாள். விலகிப் போக வழியில்லை. கரை ஒற்றையடிப் பாதை.

“யாரு தம்பி இப்படிப் பிடுங்குனா? வேரோடல்லா போயிருக்கு?”

தெரியாது ஆச்சி என்று சொல்லியிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். எனக்குப் பழகின வாய். “கரை செதுக்க வந்தவங்க செதுக்கியிருப்பாங்க ஆச்சி” என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நூறு நாள் வேலைல நாங்கதான செதுக்குனோம், தம்பி. நானும்தான் மம்பட்டி பிடிச்சேன். இத விட்டுட்டுல்லா செதுக்குனோம்.”

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. திட்டவும் இல்லை. பையை உதறிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கீழே குப்பைமேனி இருந்த பக்கமாக இறங்கிப் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும். நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மறுநாளிலிருந்து நடப்பதற்குக் கழுகுமலை சாலைக்கு மாறினேன். அந்தப் பக்கம் காற்று நன்றாக வருகிறது என்று வீட்டில் சொன்னேன்.

வருஷம் ஒன்றுக்கு மேல் அப்படியே போயிற்று. பிறகு ஒரு நாள் நாட்டு மருந்துக் கடைக்குப் போய் விஷ்ணுகிராந்தி கேட்டேன். பாக்கெட்டில் காய்ந்த சுருளாகக் கொடுத்தார். “நம்ம ஊர்ச் சரக்கா?” என்றேன். “முன்ன வரும். இப்ப வெளியூர்ல இருந்துதான்” என்றார். வீட்டுக்கு வந்து பேப்பரை விரித்து உதறினேன். சருகோடு சருகாகக் கொஞ்சம் காய்கள் தப்பியிருந்தன. நசுக்கினால் பொடி விதை. இந்தக் குடும்பத்து விதைக்குத் தோல் கெட்டி, தண்ணீர் உள்ளே இறங்காது; அப்படியே போட்டால் முளைக்கக் காலம் பிடிக்கும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, பாதியைத் தொட்டியிலும் பாதியை ஐப்பசி மழையில் அந்தக் கரைச் சரிவிலும் போட்டேன். போட்டதும் ஆள் இல்லாத நேரத்தில்தான்.

தொட்டியில் போட்டது முளைத்தது. விதையிலிருந்து வந்த செடி, பெயர்த்து நடாத வேர். மணல் கலந்த செம்மண்ணில், ஆழமான தொட்டியில், மொட்டை வெயிலில், பாதி மறந்துபோன நிலையில் நன்றாகவே நிற்கிறது. இந்த வழி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. காய் முற்றுகிறவரை காத்திருந்து ஒரு பிடி விதை எடுத்திருந்தால் கரைக்கும் நஷ்டமில்லை, எனக்கும் செடி கிடைத்திருக்கும். இரண்டு மாதம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவே.

கரையிலும் இந்தக் கார்த்திகையில் அங்கங்கே சின்னத் தூர்கள் தெரிகின்றன. ஆடு கடித்தது போக மிச்சம். அவை நான் தூவின விதையா, அல்லது அந்த ஆச்சி எப்போதோ உதிர விட்டுவைத்த விதை மண்ணுக்குள் கிடந்து முளைத்ததா, எனக்குத் தெரியாது. நான் போட்டதுதான் என்று சொல்லிக்கொள்ள வாய் வருகிறது. மாடியில் முதலாளிக்குப் பக்குவம் சொன்ன அதே வாய் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அவள் இப்போது அந்தக் கரைக்கு வருவதில்லை. ரயிலடிப் பக்கம் ஒரு தெருவில் மகளோடு இருக்கிறாள் என்று கடைக்காரர் சொன்னார். நடந்தே போய்விடுகிற தூரம். “இதெல்லாம் எழுதறதுக்கு முன்னால ஒரு நடை போய் அந்த ஆச்சிகிட்ட நேர்ல சொல்லிட்டு வரவேண்டியதுதான?” என்று வீட்டில் கேட்கிறாள். அந்த ஆச்சிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. நான் எழுதுவது அவள் கண்ணில் படாது என்ற தைரியத்தில்தான் இவ்வளவும் எழுத முடிந்தது. இன்னும் போகவில்லை.